அறளையும் நோயும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில், நினைவு தடுமாறத் தொடங்கிய முதியவரைப் பற்றி 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். அவ்வழக்கில் இரக்கமும் உண்டு, இளக்காரமும் உண்டு. இரண்டினுக்கும் மேலாக ஒரு தீர்ப்பும் அதனுள் அடங்கியுள்ளது. முதுமை வந்தால் மறதி வந்தே தீரும், அதற்குச் செய்யத்தக்கது எதுவுமில்லை என்பதே அத்தீர்ப்பு. அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021 இல் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். இலங்கையில் ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வு ஏறத்தாழ 4 வீதத்தினரிடம் இந்நோயைக் கண்டது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 வீதத்தினருக்கு இந்நோய் உண்டு என 2023 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆகவே முதியோருள் மிகப் பெரும்பாலோர் இந்நோயின்றியே வாழ்கின்றனர். முதுமையின் இயல்பே இதுவென்றால் அவ்வாறு இருத்தல் இயலாது. அதேவேளை, 65 வயதின் பின் ஏறத்தாழ ஒவ்வோர் ஐந்தாண்டிலும் இதன் வீதம் இரட்டிக்கின்றது. முதியோர் தொகை பெருகிவரும் நாட்டில் சிறிய வீதமும் பல்லாயிரம் குடும்பங்களைக் குறிக்கும்.

இவ்வெண்கள் பெறப்படும் முறையும் நோக்கத்தக்கது. 1975 இல் வெளியாகிப் பரவலாகக் கையாளப்படும் சோதனையொன்று அன்றைய திகதியைக் கேட்கும். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். பள்ளிக்கூடம் காணாத மூதாட்டி இதில் தவறினால் அவர் நோயாளியாகிவிடார். கற்றவர் தேறினால் அவர் நோயற்றவர் என்பதும் உறுதியன்று. இக்காரணத்தாலேயே பிற்கால ஆய்வாளர்கள், முதியவரை மட்டுமன்றி அவருடன் வாழ்பவரையும் வினவலாயினர்.

ஆயின் உடன்வாழ்பவர் உள்ளதைச் சொல்வாரா? வடபகுதிக் கிராமமொன்றில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வாழ்கின்றார். ஊரின் ஒவ்வொரு வளவையும் அறிந்திருந்த அவர், இன்று சந்தியில் நின்று தம் வீட்டுக்கு வழி கேட்கின்றார். மாலையிற் பதிகத்தைப் பிசகின்றிப் பாடுவார். உண்டு கைகழுவிய பின் சோறு ஆயிற்றா என்பார். கனடாவிலிருந்து மகன் தொலைபேசியில் அழைக்கும்போது, "ஒரு குறையுமில்லைத் தம்பி, பிள்ளைகள் சுகமோ?" எனத் தெளிவாக வினவுவார். பேரப்பிள்ளைகளின் பெயர்களை அருகில் நின்று மெல்லச் சொல்லிக்கொடுப்பவர் மனைவி. மகனுக்குத் தகப்பனின் நிலை தெரியாது. வைத்தியருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. கணவரின் மானத்தைக் காக்கும் அன்பே நோயை மறைக்கும் திரையுமாகிறது. அயலாருக்கோ, அறளை என்ற சொல் போதுமானதாயிற்று.

இம்மறைப்பால் நேரும் இழப்பு சிறிதன்று. தைரொயிட் சுரப்பியின் குறைபாடு, விற்றமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியனவும் மறதிநோய் போன்ற தோற்றத்தைத் தரும். இவை சிகிச்சையாற் சீர்பெறக்கூடியவை. இரத்தப் பரிசோதனையும் பொறுமையான விசாரணையும் இவற்றுட் பலவற்றை வெளிப்படுத்தும். மறதிநோய்களுள் 60 முதல் 70 வீதமான அல்சைமர் நோயை முற்றாக மாற்றும் மருந்து இல்லை. எனினும் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கேட்டற் குறைபாடு, தனிமை, கல்விக் குறைவு முதலிய 14 காரணிகளைக் களைந்தால், உலகில் ஏறத்தாழ 45 வீதமான மறதிநோயைத் தடுக்கவோ பின்போடவோ இயலக்கூடும் என 2024 இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணைக்குழு மதிப்பிட்டது. அவற்றுட் பல நடுவயதிலேயே கவனிக்கப்பட வேண்டியவை.

நோய் மாறாதவிடத்தும் முன்னறிதல் வீண்போவதில்லை. காணி உறுதியையும் வங்கிக் கணக்கையும் முதியவர் தம் விருப்பப்படி ஒழுங்குசெய்ய அது காலந்தரும். அதனினும் முக்கியமாக, பராமரிப்பவரின் சுமையைப் பிறர் பகிர வழிவகுக்கும். தபாலதிபரின் மனைவியும் எழுபதைக் கடந்தவரே. இரவில் கணவர் எழுந்து படலையைத் திறக்காதபடி, அவர் திறப்பைத் தலையணையின் கீழ் வைத்து அரைத்தூக்கத்திற் கிடக்கின்றார். எந்தக் கணக்கெடுப்பும் அவரை இன்னும் வந்தடையவில்லை.