மணியனுக்கு மறுபடியும் சுகரா?

பூனைக்கு சுகர் வருமான்னு கேக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். வரும். சில பூனைகளுக்கு வந்து, போகவும் செய்யும். போனது திரும்பியும் வரலாம். இந்தப் பதிவு அந்த மூணாவது சமாச்சாரத்தைப் பத்தி.

மணியன், நான் இன்ஜினியரிங் முதல் வருஷம் படிக்கிறப்போ திருச்சி வீட்டு மாடிப்படிக்கு அடியில கிடைச்ச குட்டி. அம்மா கையால பால்சோறும் தயிர்சாதமும் சாப்பிட்டே ஆறே முக்கால் கிலோ ஆனவன். எனக்கு வேலை கிடைச்சதும் கூடவே சென்னைக்கு வந்துட்டான். 2023 ஆகஸ்ட்ல தண்ணிக் கிண்ணத்தை விட்டு நகராம குடிக்க ஆரம்பிச்சான். மண் தொட்டியில எலுமிச்சம்பழ சைஸ்ல இருந்த உருண்டையெல்லாம் சாத்துக்குடி ஆயிடுச்சு. எவ்வளவு சாப்பிட்டாலும் இளைச்சான். பின்னங்கால் குதிகாலைத் தரையில பதிச்சு ஒரு மாதிரி தேய்ச்சு நடந்தான். டாக்டர்கிட்ட போனா சுகர் 412!

அப்புறம் நாலு மாசத்துக்கு மேல காலை ஒன்பது, ராத்திரி ஒன்பதுன்னு கிளார்ஜின் இன்சுலின். (ஒரு விஷயம் கவனிங்க. நம்ம ஊர்ல இன்சுலின் 40 யூனிட், 100 யூனிட்னு வேற வேற வீரியத்துல வருது. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. மாத்தி எடுத்தா டோஸே மாறிடும்.) பால்சோறு கட். மாவுச்சத்து கம்மியான ஈர உணவு மட்டும். டோஸ் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு 2024 ஜனவரியில ஊசியே நின்னுச்சு. நாலு வாரம் ஊசி இல்லாம அளவு சரியா இருந்தா அதுக்கு ரெமிஷன்னு பேர்.

"குணமாயிடுச்சாடா?"ன்னு அம்மா கேட்டாங்க. அங்கதான் இருக்கு விஷயம். ரத்தத்துல சர்க்கரை அதிகமாவே இருந்தா இன்சுலின் சுரக்கிற செல்கள் சோர்ந்து போகும். சர்க்கரையை இறக்கி ஓய்வு குடுத்தா மிச்சம் இருக்கிற செல்கள் எழுந்து வேலை செய்யும். செத்துப் போனது போனதுதான். பொட்டி தட்டுற நம்ம பாஷையில சொன்னா பக் க்ளோஸ் ஆயிருக்கு, ஆனா காரணம் கோடுக்குள்ளயே இருக்கு. எப்ப வேணா ரீஓப்பன் ஆகலாம்.

அதனால வீட்ல ஒரு மானிட்டரிங் ஓடுது. தினமும் தண்ணியை அளந்து ஊத்தறேன், மறுநாள் மிச்சத்தை அளக்கறேன். மண் தொட்டியில உருண்டைகளை எண்ணறேன் (வீட்டுக்கு வந்த நண்பன் இதைப் பாத்துட்டு என்னையே ஒரு மாதிரி பாத்தான்). ஞாயித்துக்கிழமை எடை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை காது ஓரத்துல ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம். சிறுநீர் ஸ்ட்ரிப் மட்டும் போதாதான்னா, போதாது. பூனைக்கு ரத்தத்துல 250, 300ன்னு ஏறினாதான் சிறுநீர்ல சர்க்கரை இறங்கும். அது நிறம் மாறும்போது ரொம்ப லேட். மனுஷங்க மீட்டர் பூனை ரத்தத்துக்குக் கொஞ்சம் குறைச்சுக் காட்டும். ஆனா எப்பவும் ஒரே மீட்டர்ல பாத்தா ஏறுதா இறங்குதான்னு தெரிஞ்சுடும். மணியன் வழக்கமா 80லேருந்து 110க்குள்ள. 150 தாண்டினா கூப்பிடுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

2025 தீபாவளி முடிஞ்ச மூணாவது நாள். மீட்டர்ல 171.

ஃப்ரிட்ஜ்ல இன்சுலின் பேனா ஒண்ணு எப்பவும் இருக்கும். கதவைத் திறந்து அதையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒரே ஒரு யூனிட்... மூடிட்டேன். சொந்த இன்சுலின் சுரக்கிற பூனைக்கு மேல ஊசியும் போட்டா சர்க்கரை தடால்னு இறங்கி வலிப்பு வரைக்கும் போகலாம். அதுவும் இல்லாம, மூணு நாள் வெடிச் சத்தத்துல கட்டிலுக்கு அடியிலயே கிடந்தவன். பயந்த பூனைக்கு சும்மாவே சர்க்கரை ஏறும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலே 300 தாண்டுற பூனைகள் உண்டு. அதனால டாக்டருக்கு போன் போட்டேன். சோர்வு, வாந்தி, சாப்பாட்டை அடியோட மறுக்கிறதுன்னு இருந்தா உடனே வா, இல்லைன்னா ரெண்டு நாள் அளந்துட்டு வான்னார்.

மறுநாள் 164. அதுக்கு மறுநாள் 169. அன்னிக்கு ராத்திரி தூக்கம் இல்லை. ஆனா தண்ணி அளவு மாறலை, உருண்டை எலுமிச்சம்பழமாவே இருந்துச்சு. ஒண்ணுதான் இடிச்சுது. சுகர் ஏறினா நிறைய சாப்பிடணும். இவனோ ஒரு பக்கமா தலையைச் சாய்ச்சு, பாதியில எழுந்து போனான்.

ஆஸ்பத்திரியில வாயைத் திறந்து பாத்தா பின் பல் சொத்தை, ஈறு வீங்கியிருக்கு. ஃப்ரக்டோசமின் டெஸ்ட் நார்மல். அது கடந்த ஒண்ணு ரெண்டு வாரத்து சராசரியைச் சொல்லும், ஒருநாள் பயத்துக்கெல்லாம் ஏறாது. வாய்ல எங்க கிருமி இருந்தாலும் சர்க்கரை ஏறலாம்னார். டாக்டர் பேனாவை எடுத்ததும் "சார், ஸ்டீராய்டு மட்டும் வேணாம், இவனுக்கு சுகர் இருந்துச்சு"ன்னேன். "எழுத மாட்டேன், ஃபைல்லயே இருக்கு"ன்னு சிரிச்சார். ஸ்டீராய்டே ரெமிஷனைக் கலைச்சுடும். உங்க பூனைக்கு அரிப்புக்கு ஊசி போட்டாலும் இதை வாயைத் திறந்து சொல்லிடுங்க. பல்லை எடுத்தாங்க. மூணு வாரத்துல 104.

இதுல ஒரு உபகதை. எங்கப்பாவுக்குப் பதினஞ்சு வருஷமா சுகர். மீட்டர் அலமாரியில தூங்கும். அந்த வாரம் மட்டும் தினமும் சாயங்காலம் போன். "என்னடா, உன் பிள்ளைக்கு எவ்ளோ?" "169 ப்பா. உங்களுக்கு?" "இரு, பாத்துட்டு சொல்றேன்." உண்மையாவே பாத்தார்! அது பழக்கமாவே ஆயிடுச்சு. போன ஞாயிறு மணியன் 98, அப்பா 186.

"அவனுக்குப் பால்சோறை நிறுத்திட்டீங்க. எனக்கு உங்கம்மா மூணு வேளையும் சோறுதானடா போடறா"ங்கறார். :-)

உங்க வீட்ல சுகர் வந்து போன பூனை இருந்தா, இன்னிக்கு அதோட எடையை எங்கயாவது எழுதி வைங்க மக்களே. அடுத்த மாசம் ஒப்பிட ஒரு நம்பர் வேணும்.