199711 என்று சொல்லும் கம்பைலர்

சி++ கம்பைலர் எந்தத் தரத்தைப் பின்பற்றுகிறது என்று சொல்லவே மொழியில் ஒரு மேக்ரோ இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டுடியோ 2022இல் அதைக் கேட்டால், தனியாக ஒரு சுவிட்ச் போடாதவரை, 199711 என்றுதான் பதில் வரும். 1998இல் ஐஎஸ்ஓ வெளியிட்ட முதல் தரத்தின் எண் அது. கம்பைலரோ சி++20 வரை கரைத்துக் குடித்தது. எண்ணை மாற்றினால் அதை நம்பி எழுதிய பழைய கோடு உடைந்துவிடுமாம். லைப்ரரி எழுதுகிற நாங்கள் இதற்கென்றே ஒரு தனி நிபந்தனை வரி வைத்திருப்போம். ஜிசிசியும் யோக்கியமில்லை; 2012 வரை அது வெறும் 1 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

விஷுவல் சி++ 6 காலத்துக் கோடை இன்று கம்பைல் செய்யக் கொடுத்தால் ஃபார் லூப்பில்தான் பெரும்பாலும் முட்டிக்கொள்ளும். தரத்தின்படி, லூப்பின் தலையில் அறிவித்த ‘ஐ’ லூப்போடு முடிந்துவிட வேண்டும். அந்தக் கம்பைலரில் அது வெளியேயும் உயிரோடு இருந்தது. ஆகவே முதல் லூப்பில் மட்டும் அறிவித்துவிட்டு, அடுத்தடுத்த லூப்களில் சும்மா எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஒழுங்காக ஒவ்வொரு லூப்பிலும் அறிவித்தவருக்கோ ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று எர்ரர். இதற்கு ஒரு கைவைத்தியம் புழங்கியது: ஃபார் என்ற சொல்லையே மேக்ரோவாக்கி, ‘இஃப் பூஜ்யம், ஒன்றும் செய்யாதே, எல்ஸ், ஃபார்’ என்று விரிய வைப்பது. ஐ அந்த எல்ஸுக்குள் அடைபட்டுவிடும். பார்க்கச் சகிக்காது, ஆனால் வேலை நடக்கும். 2005 பதிப்பில்தான் தரம் சொன்னபடி நடப்பது வழக்கமானது.

பெரிய நிறுவனத்தின் திமிர், சோம்பல் என்று திட்டுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பைலர் நேற்று எதை ஏற்றுக்கொண்டதோ, அது வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்காகிவிடுகிறது. அந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் அதே வீட்டுக்காரர்: விண்டோஸ். டெம்ப்ளேட்டை எழுதிய இடத்திலேயே ஒரு முறை சரிபார்க்க வேண்டும் என்பது 1998 விதி. விஷுவல் சி++ அதைப் பயன்படுத்தும் இடம் வரும்வரை பார்க்காமலே விட்டுவந்தது. 2017இல் தரத்தைக் கறாராகப் பின்பற்றும் கண்டிப்பு முறை வந்தபோது, அதற்கு முந்தைய விண்டோஸ் ஹெடர்களே அதில் ஒழுங்காகத் தேறவில்லை. தரத்தில் கறார் என்று பெயரெடுத்த கிளாங்கும், விண்டோஸுக்கு வந்தபோது, டெம்ப்ளேட்டைத் தாமதமாகப் பார்க்கும் அதே வழக்கத்தைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

புதிய புராஜெக்ட்டுக்கு இப்போது விஷுவல் ஸ்டுடியோவே கண்டிப்பு முறையைப் போட்டுத் தருகிறது. பழையதில் நாமேதான் போட வேண்டும். போட்டால் வந்து கொட்டும் எர்ரர்களைத் திருத்த நாள் கேட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொடுகிறீர்கள் என்பார் மேனேஜர். கம்பைலர் நிறுவனத்துக்கு அவர்தான் வாடிக்கையாளர்.