ஆறாம் தரத்தின் முதலாம் தவணை

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாள், நான் கடமையாற்றிய பத்திரிகை அலுவலகத்தில் ஒரு சிறிய திருவிழாவாகவே இருக்கும். தொலைபேசி ஓயாது ஒலிக்கும். 200 புள்ளிகளில் அதிகூடிய புள்ளி யாருக்கு, எந்த மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி எவ்வளவு என்பனவற்றையெல்லாம் திரட்டுவோம். மாலை அணிந்த பிள்ளைகளின் படங்கள் வந்து குவியும். ஆனால் அதே பிள்ளைகள் பெரிய பாடசாலைகளில் ஆறாம் தரத்துக்குச் சென்ற பின்னர் எப்படி இருக்கிறார்கள் என்று அறிந்துவர ஒரு நிருபரைத்தானும் நான் அனுப்பியதில்லை. அதுவும் ஒரு செய்தி என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அதை எனக்கு உணர்த்தியவன் என் மகளின் மகன்.

அவன் எங்கள் ஊர்ப் பாடசாலையில் படித்தவன். வகுப்பில் பதினெட்டுப் பேர். எப்போதும் அவனே முதலாம் பிள்ளை. வெட்டுப்புள்ளியைத் தாண்டி நகரத்துப் பாடசாலை ஒன்றில் இடம் கிடைத்தபோது வீடே மகிழ்ந்தது. மூன்று வாரம் கழிந்ததும் காலையில் வயிற்றுக்குத்து என்று சொல்லத் தொடங்கினான். வைத்தியரிடம் காட்டினார்கள், நோய் ஒன்றுமில்லை என்றார். படிப்பில் கள்ளம் என்று எண்ணிய மருமகன் மேலும் ஒரு ரியூசன் வகுப்பில் சேர்த்துவிட்டார். முதலாம் தவணைத் தேர்ச்சி அறிக்கை வந்தது: 41 பேரில் 34ஆம் இடம். மருமகன் அதை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் பிள்ளையுடன் பேசவில்லை.

இரண்டாம் தவணை தொடங்கியபோது நான் அங்கு போய்ச் சில நாள் தங்கினேன். அவனது தண்ணீர்ப் போத்தல் நாள்தோறும் நிறைந்தபடியே வீடு திரும்புவதைக் கண்டேன். ஏன் என்று கேட்டால் மனிதர்கள் மௌனமாகிவிடுவார்கள். எங்கே, எப்போது, யாருடன் என்று கேட்டால் சொல்வார்கள் என்பது என் தொழில் கற்பித்த பாடம்.

“இடைவேளைக்கு ஆரோடை இருந்து சாப்பிடுறனீ?”

“தனிய.”

“பள்ளிக்கூடத்திலை மலசலகூடம் எங்கை இருக்கு?”

சற்று நேரம் பேசாதிருந்தான். “பெரிய அண்ணாமாரின்ரை கட்டடத்துக்குப் பின்னாலை. அங்கை போகப் பயம், அம்மப்பா.”

காலை ஆறு மணிக்கு பஸ் ஏறும் பிள்ளை, பிற்பகல் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிக்காமலே இருந்திருக்கிறான். வெட்டுப்புள்ளி பற்றி முப்பது ஆண்டுகள் எழுதிய எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

ஆரம்பப் பிரிவில் அநேகமாக ஓர் ஆசிரியையே பெரும்பாலான பாடங்களைக் கற்பிப்பார். பிள்ளையின் முகம் வாடினால் அவருக்குத் தெரியும். ஆறாம் தரத்தில் மணி அடிக்க அடிக்க ஆசிரியர்கள் மாறுகிறார்கள். விஞ்ஞானம், வரலாறு, புவியியல் என்று கொப்பிகள் பெருகுகின்றன. அந்த வகுப்பிலே அநேகர் தத்தம் பழைய பாடசாலைகளில் முதலாம் பிள்ளைகள். எல்லோரும் முதலாவதாக வரமுடியாது என்பதைப் பதினொரு வயதில் ஒரே தவணையில் கற்கவேண்டியிருக்கிறது. அதைப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க எவருமில்லை.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில் மத்திய பாடசாலைகள் உருவானபோது, கிராமத்துப் பிள்ளைக்குக் கல்வியோடு விடுதியும் வேண்டும் என்பது உணரப்பட்டிருந்தது. 1960களின் தொடக்கத்தில் அத்தகைய ஒரு விடுதிக்கு ஒரு தகரப் பெட்டியோடு நானும் போனேன். முதல் நாள் மாலை, மேல்வகுப்பு மாணவர் ஒருவர் என்னை அழைத்துச் சென்று கிணறு, சமையற்கூடம், மலசலகூடம், உடுப்புக் காயப்போடும் கொடி என ஒவ்வொன்றாகக் காட்டினார். “ஆரும் ஏதும் சொன்னால் என்னட்டை வா” என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் பலத்தில்தான் அன்றிரவு நான் உறங்கினேன்.

மறுநாள் மகளுடன் பாடசாலைக்குச் சென்று வகுப்பாசிரியையைச் சந்தித்தேன். முறைப்பாடு செய்யவில்லை, விடயத்தை மட்டும் சொன்னேன். அவர் திடுக்கிட்டார். “41 பிள்ளைகள் ஐயா, நான் இதைக் கவனிக்கேல்லை” என்றார். அந்த வாரமே, வெளியூர்களிலிருந்து வந்த பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஏழாம் தர மாணவர் ஒருவரைத் துணையாக்கினார். இடைவேளையில் கூட்டிச் செல்வது மாத்திரமே அவர்களின் பொறுப்பு. மருமகனிடம் மேலதிக ரியூசனை நிறுத்தச் சொன்னேன், தயங்கித்தான் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேரன் ஊருக்கு வந்து பழைய கூட்டாளிகளுடன் பந்தடித்தான்.

இரண்டாம் தவணையில் அவனுக்கு 25ஆம் இடம். அது பெரிய முன்னேற்றமல்ல என்பார் மருமகன். வயிற்றுக்குத்து நின்றுவிட்டது என்பாள் மகள். எனக்கு, போத்தல் வெறுமையாக வீடு வந்ததே போதுமாயிருந்தது.

இன்று நான் செய்தி ஆசிரியரின் கதிரையில் இருந்தால், பெறுபேறு வெளியாகும் நாளுக்கு ஒரு நிருபரை அனுப்புவேன். ஆறாம் தரம் தொடங்கி மூன்றாவது வாரத்துக்கு இன்னொருவரை அனுப்புவேன். அந்தக் கதிரை இப்போது என்னிடம் இல்லை. ஆகவே பெற்றோரிடம் சொல்கிறேன்: முதலாம் தவணையில் புள்ளிகளைக் கேட்கும் முன்னர், பிள்ளை யாரோடு இருந்து சாப்பிடுகிறது என்று கேளுங்கள்.