மணமேடையில் இரண்டு தோழிகள்

முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது ‘ஜென்டில்மென் ப்ரிஃபர் ப்ளாண்ட்ஸ்’ படத்தைப் பாதியிலேயே நிறுத்தினேன். வைரத்துக்காக ஆண்களை வளைக்கும் பொன்னிறக் கூந்தல்காரி, அவள் உடம்பையே மொய்க்கும் கேமரா. இதில் எனக்கு என்ன இருக்கிறது என்ற இறுமாப்பு. நாற்பதைக் கடந்து, போன கோடை விடுமுறையில்தான் முழுதாகப் பார்த்தேன்.

அனிதா லூஸ் 1925இல் எழுதிய நாவல், 1949இல் பிராட்வேயில் இசை நாடகமானது. 1953இல் ஹாவர்ட் ஹாக்ஸ் இயக்கத்தில் படமாக வந்தது. லோரலையாக மர்லின் மன்றோ, டோரத்தியாக ஜேன் ரஸ்ஸல். இருவரும் மேடையில் ஆடிப் பிழைப்பவர்கள். ஒருத்திக்குப் பணக்காரன் வேண்டும். மற்றவளுக்கு மனசுக்குப் பிடித்தவன் போதும். இப்படி இரண்டு பெண்கள் வந்தால் ஒருத்தி நல்லவளாகவும் இன்னொருத்தி திருந்த வேண்டியவளாகவும் இருப்பாள் என்று எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். இங்கே அது இல்லை. டோரத்தி தோழியைக் கேலி செய்வாள். வேறு யாராவது வாய் திறந்தால் விடமாட்டாள். லோரலையை வேவு பார்க்க வந்த மலோன்மீது அவளுக்கு ஆசை. ஆனாலும் அவன் குட்டு வெளிப்பட்டதும் தோழியோடு சேர்ந்து அவனை மடக்குகிறாள். பாரிஸ் நீதிமன்றத்தில் பொன்னிற விக்கை மாட்டிக்கொண்டு லோரலையாகவே ஆடுகிறாளே, விழுந்து விழுந்து சிரித்தேன்.

பல வருடங்களாக வகுப்பில் தோழி கூற்று நடத்துகிறேன். தலைவிக்காக எல்லாம் பேசும் அவளுக்கு ஒரு பெயர் கிடையாது, காதலனும் கிடையாது. டோரத்திக்கு இரண்டும் உண்டு.

வைரப் பாட்டில் பெண்களையே சரவிளக்காக்கி நிறுத்தியிருப்பது இன்றும் உறுத்துகிறது. ஆனால் வருங்கால மாமனாரிடம் லோரலை, ஆணுக்குப் பணம் எப்படியோ பெண்ணுக்கு அழகு அப்படி என்று வாதாடுகிறாள். முட்டாள் என்றல்லவா சொன்னார்கள் என்று அவர் திகைக்கிறார். தேவையானபோது தனக்கு அறிவு வரும், பெரும்பாலான ஆண்களுக்குத்தான் அது பிடிப்பதில்லை என்கிறாள். எத்தனை துறைக் கூட்டங்களில் நானும் அறிவை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்!

முடிவில் இரட்டைக் கல்யாணம். கேமரா மெல்ல நெருங்குகிறது. மாப்பிள்ளைகள் இருவரும் இரு ஓரங்களிலும் நழுவி மறைய, இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

அன்றிரவு என் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். விடுதியில் ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்தவள், முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு முழுக்க என்னோடு விழித்திருந்தவள், ஒரே ஒரு படத்தில் இருக்கிறாள். அதிலும் பாதித் தோளும் ஒரு கையும்தான். அந்தக் கை என் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருக்கிறது.