டூக்கானுக்குச் சொந்தம் நம்ம ஊர் ஆலமரத்தில்



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன், பறவைப் பூங்காவில் எடுத்த டூக்கான் படத்தை அனுப்பி, "டீச்சர், இது நம்ம மலையில இருக்கிற இருவாச்சிதானே?" என்று கேட்டிருந்தான். உங்கள் பிள்ளைகளுக்கும் உதவும் என்பதால் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இல்லையப்பா. இரண்டுக்கும் பெரிய அலகு, இரண்டும் பழம் தின்னும். ஒற்றுமை அவ்வளவுதான்.

டூக்கான் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் பறவை. டோக்கோ டூக்கானின் உடல் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அலகுதான். ஆனால் எடையில் இருபதில் ஒரு பங்குதான். வெளியே நம் நகத்தில் இருக்கும் கெராட்டினால் ஆன ஓடு, உள்ளே பஞ்சு மாதிரி காற்றறைகள் நிறைந்த எலும்பு. உடம்பில் சூடு ஏறினால் அலகுக்கு ரத்தத்தைக் கூடுதலாக அனுப்பி வெப்பத்தை வெளியேற்றும். 2009-இல் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமரா வைத்து இதைக் கண்டறிந்தார்கள். தூங்கும்போது அலகை முதுகின்மேல் சாய்த்து, வாலை மடக்கித் தலைமேல் போர்த்திக்கொள்ளும். வாலெலும்பில் பந்துக்கிண்ண மூட்டு போன்ற அமைப்பு இருப்பதால் அப்படி மடக்க முடிகிறது.

இருவாச்சியின் கதையே வேறு. வால்பாறைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மேல் அலகின்மேல் தொப்பி வைத்தது போல ஒரு புடைப்பு. அந்தப் பாரம் தாங்கவோ என்னவோ, கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். வேறு எந்தப் பறவைக்கும் அப்படிக் கிடையாது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், எச்சத்தையும் பிறவற்றையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை சிறு பிளவு வழியாக மாதக்கணக்கில் பழம் ஊட்டும். இருவாச்சிக்கு உறவு, நம் வயக்காட்டில் கொண்டை விரித்து நடக்கும் கொண்டலாத்தி.

அப்படியானால் டூக்கானுக்கு இங்கே உறவே இல்லையா? இருக்கிறது. மாசி, பங்குனி வெயிலில் ஆலமரத்துக்குள்ளிருந்து, பாத்திரக்கடையில் செம்பு தட்டுவது போல "டுக்... டுக்... டுக்" என்று விடாமல் கேட்குமே, அதுதான். செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. பச்சை உடம்பு, சிவந்த நெற்றி. இலையோடு இலையாக இருப்பதால் சத்தம் கேட்குமே தவிர ஆள் தெரியாது. அலகை மூடிக்கொண்டே தொண்டையை உப்பவைத்துக் கூவும்.

காலைப் பாருங்கள்: இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே. டூக்கானுக்கும் அதே கால், மரங்கொத்திக்கும் அதே கால். மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இருவாச்சிக்கோ மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. அலகைப் பார்த்து ஏமாறலாம். காலைப் பார்த்தால் குலம் தெரிந்துவிடும். பிழைப்பு ஒன்றானால் உருவமும் ஒன்றுபோல ஆகிவிடும், உறவாக இருக்க வேண்டியதில்லை. அறிவியல் பாடத்தில் நான் பலமுறை சொன்னதுதான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இருவாச்சிக்குப் பொந்து குடையத் தெரியாது. தானாகப் பொந்து விழுந்த பழைய பெருமரம் வேண்டும். அது வெட்டப்பட்டால் குடும்பமே இல்லை. குக்குறுவான் தானே குடைந்துகொள்ளும். ஆனால் அதற்கு இளகிய, பட்டுப்போன கிளை வேண்டும். அதைத்தான் நாம் முதலில் வெட்டுகிறோம். "காஞ்ச கொம்பு எதுக்கு, அடுப்புக்காவது ஆகும்" என்று என் வீட்டிலும் முருங்கையைக் காட்டிச் சொன்னார்கள். அதில் ஒரு வட்ட ஓட்டை இருந்தது. வெட்ட விடவில்லை. குஞ்சு பறந்தபின் கைவிட்ட பொந்தில் வேறு சிறு பறவை குடிவரும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆள் மேல் விழாது, மின்கம்பியில் படாது என்றால், காய்ந்த கிளையை இந்தக் கோடை முடியும்வரை விட்டுவையுங்கள். காடு காப்பது அரசாங்கத்தின் வேலை என்றே இருக்கட்டும். ஒரு கொம்பு நம் கையில் இருக்கிறது.

உங்கள் தெருவில் "டுக் டுக்" கேட்டால், எந்த ஊர், எந்த மரம் என்று கீழே எழுதுங்கள்.