உப்புத் தோல் வாசம்

அப்பா இறந்தபோது எனக்கு வயது 16. அவர் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரித் தொழிலாளி. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறவள். அடுத்த ஒன்றரை வருஷம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வந்தேன். அதிலிருந்து சில பக்கங்களைக் கொடுக்கிறேன். ஆட்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

2021 ஜூன் 5

இன்று பதினாறாம் நாள். முழு ஊரடங்கு என்பதால் சித்தப்பா மட்டும் வந்தார். கொரோனா என்று சொல்லி அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் முகம் பார்க்கவில்லை. வாசலில் பந்தல் இல்லை, மேளம் இல்லை, கட்டிப்பிடித்து அழ ஒரு ஆள் இல்லை. போனில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "நீதான் பெரியவ. அம்மாவுக்குத் தைரியம் சொல்லணும். அழக்கூடாது." நான் அழவில்லை.

கொடியில் அவருடைய வேலைச் சட்டை தொங்குகிறது. அம்மா துவைக்க எடுத்தாள், பிடுங்கிக்கொண்டேன். உப்பு, சுண்ணாம்பு, பச்சைத் தோல் மூன்றும் கலந்த வாசம். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி இந்த வாசத்தைச் சொல்லிக் கிண்டல் செய்த அன்று, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தினேன்: "குளிக்காம உள்ள வராதே." அன்றிலிருந்து அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தொட்டியடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மழை நாளிலும்.

2021 ஜூலை 18

பெற்றோரில் ஒருவரைக் கொரோனாவில் இழந்த பிள்ளைகளுக்கு 3 லட்சம், இருவரையும் இழந்தவர்களுக்கு 5 லட்சம் என்று அரசு அறிவித்திருக்கிறது. அம்மா ஒரு பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு அலைகிறாள். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகிறது. நான் அவளுக்குத் துணையாகப் போகவில்லை. படுத்தே கிடக்கிறேன்.

2021 செப்டம்பர் 1

இன்று பள்ளி திறந்தார்கள். பிளஸ் டூ. எல்லாரும் முகக்கவசத்தோடு இருந்ததால் என் முகத்தை யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனது. அப்பா வாசம். லாரி போன பிறகும் நடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் திட்டினார்.

2021 நவம்பர் 19

திருக்கார்த்திகை. துக்க வீடு என்பதால் விளக்கு ஏற்றவில்லை. நான் பிறந்ததிலிருந்து வெறும் மணலாகப் பார்த்த பாலாறு கரையைத் தொட்டு ஓடுகிறது. தெருவே வேடிக்கை பார்க்கப் போனது. நான் போகவில்லை. பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்துவிட்டார்கள். அதில் 4 குழந்தைகள். செய்தியைக் கேட்டு ஆயா, என் பாட்டி, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த நினைப்பு வேறு: அந்த இடத்தில் நான் இருந்திருக்கலாம். எழுதும்போதே கை நடுங்குகிறது.

மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமில்லை. சோறு மண்ணு மாதிரி இருக்கிறது. தம்பி பென்சில் கேட்டாலும் அவன் மேல் எரிந்து விழுகிறேன். ஆயா மந்திரித்த கயிறு ஒன்றைக் கையில் கட்டியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது.

2021 டிசம்பர் 3

கணக்கு டீச்சர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார். விடைத்தாளைப் பற்றிப் பேசவில்லை. "ரெண்டு வாரமா தலை வாராம வர்றே. சாப்பிடுறியா? தூங்குறியா?" என்று கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என்றார்.

யாரும் இதுவரை கேட்காத கேள்வி. தலையாட்டினேன். அவர் அதட்டவில்லை, படிக்கிற வயசு என்று புத்தி சொல்லவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாசமாக வராத அழுகை வந்தது. சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் பேசிவிட்டுப் போனார்.

2021 டிசம்பர் 9

வேலூர் பாகாயத்தில் இருக்கும் மனநல ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றதும் சித்தி, "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?" என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை. காலை பஸ்ஸில் என்னை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957-லிருந்து பாகாயத்தில் இருக்கிறது. சேர்க்கிற நோயாளியோடு வீட்டு ஆளும் கூடத் தங்குவது அங்கே வழக்கம். மரத்தடியில் ஒரு தாத்தா, வளர்ந்த மகனுக்கு எண்ணெய் தடவித் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் பயந்து வந்த இடம் அப்படி இருந்தது.

டாக்டர் ரொம்ப நேரம் கேட்டார். பிறகு சொன்னார்: "துக்கம் அலை மாதிரி வரும், போகும். நடுவுல பசிக்கும், சிரிப்பும் வரும். அது நோய் இல்ல. ரெண்டு வாரத்துக்கு மேல நாள் முழுக்க ஒரே இருட்டா இருந்து, தூக்கம், பசி, படிப்பு எல்லாம் போனா அது மனச்சோர்வு. உங்க வயசுல சில பேருக்கு அது அழுகையா வராது, எரிச்சலா வரும். மஞ்சக்காமாலைக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரி இதுக்கும் பார்க்கணும்."

மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்றார். வாராவாரம் வந்து பேசணும். தினமும் ஒரே நேரத்தில் ஏதாவது ஒரு சின்ன வேலை செய்யணும், மனசு வந்தாலும் வராவிட்டாலும். கயிறு கையிலேயே இருக்கட்டும் என்றார்.

2022 ஜனவரி 12

சின்ன வேலையாக ஆயாவின் தையலை எடுத்துக்கொண்டேன். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் ஷூ அப்பர்களை ஆயா வீட்டிலேயே கையால் தைப்பாள். ஜோடிக் கணக்கில் கூலி, ரொம்பக் குறைவு. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் ஒரு ஜோடி மட்டும் தைக்கிறேன். ஓட்டைக்குள் ஊசியை விட்டு, நூலை இரண்டு பக்கமும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் தோல் சுருங்கிவிடும். விரல் அறுபடாமல் இருக்க ஆயா பழைய சைக்கிள் டியூபை வெட்டி மோதிரம் மாதிரி மாட்டிவிட்டாள். முதல் ஜோடிக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆயா அதை அவிழ்த்துவிட்டாள். மறுபடி தைத்தேன்.

இன்று ராத்திரி ரசத்தில் புளிப்பு தெரிந்தது.

2022 பிப்ரவரி 20

கை வேலையில் இருந்தால் வாய் திறக்கிறது. தைத்துக்கொண்டே ஆயாவிடம் சொல்லிவிட்டேன்: குளிக்காமல் உள்ளே வராதே என்று நான் அப்பாவிடம் கத்தியதை. ஆயா ஊசியை நிறுத்தவில்லை. "அதை என்கிட்ட சொல்லிச் சிரிச்சானே உங்கப்பன். 'எம் பொண்ணுக்கு இந்த வாசம் புடிக்கலம்மா. புடிக்கவே வேணாம். அவ படிச்சு வேற வேலைக்குப் போவா'ன்னு சொன்னான்" என்றாள்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து உட்கார்ந்தாள். அப்பா பேச்சு எங்கள் வீட்டில் ஒன்பது மாசமாக இல்லை. ஒருவரை ஒருவர் நோகடிக்கக்கூடாது என்று மூன்று பேருமே மறைத்து வைத்திருந்தோம். இன்று பத்து மணி வரை அவரைப் பற்றியே பேசினோம். அழுதோம். தம்பி அப்பா மாதிரி தும்மிக் காட்டினான், சிரித்தோம்.

2022 மே 21

பரீட்சைகளுக்கு நடுவில் முதல் வருஷ நினைவு நாள். இந்த முறை சொந்தக்காரர்கள் வந்தார்கள். போன வருஷம் அழாத அழுகையை எல்லாரும் அழுதார்கள். சட்டையை முகர்ந்து பார்த்தேன், வாசம் போய்விட்டது. அம்மாவிடம் கொடுத்தேன். துவைத்து மடித்து வைத்தாள்.

2022 ஜூன் 20

பாஸ். டீச்சருக்குத்தான் முதல் போன்.

2022 அக்டோபர் 30

மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்திருக்கிறார். நிறுத்தவில்லை. இன்னும் சில நாள் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. தோல் லாரி போனால் இன்றைக்கும் நிற்கிறேன், ஆனால் ஓரமாக.

14416 என்ற எண்ணை இந்த மாசம் தொடங்கியிருக்கிறார்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். எந்த நேரமும் காசில்லாமல், தமிழில் பேசலாம். 104 உதவி எண்ணிலும் பேசலாம். இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளையிடம் "அழாதே" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. என்னிடம் ஒருவர் கேட்டார், அதனால் இருக்கிறேன்.