சொந்த ஊரில் யாத்திரிகன்

மதுரையிலேயே பிறந்து, இருபது வருஷமாக அங்கேயே உபாத்தியாயர் வேலை பார்ப்பவன், கட்டணம் கொடுத்து ஒரு வழிகாட்டியின் பின்னால் மதுரைப் பண்டங்களை ருசி பார்க்க நடந்தேன் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். சென்னை மைத்துனர் செய்த வற்புறுத்தல்!

அந்திப் பொழுதில் விளக்குத்தூணருகே புறப்பட்டோம். ஜிகர்தண்டாவின் புகழைச் சொல்வானேன்? ஊரறியும். என்னை நிறுத்தியது பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, அரிசி மாவும் வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். தெற்கத்திக் கரிசல் பூமியில் விளையும் பருத்தியின் பஞ்சு ஆலைக்குப் போகிறது. விதை ஏழையின் குவளைக்கு வந்துவிடுகிறது.

மதுரைக்காஞ்சி வர்ணிக்கும் அல்லங்காடியைப் பற்றி வருஷந்தோறும் வகுப்பில் உருக்கமாகப் பேசுகிறேன். அந்த இராக் கடைகள் என் தெருமுனையிலேயே இருந்தும் ஒரு வாய் உண்டதில்லை. "தெருப் பண்டம் ஆகாது" என்று மகனையும் அடக்கியே வளர்த்தேன். வெளியூரில் படிக்கும் அவன் சென்ற மாதம், "அப்பா, பருத்திப்பால் ஞாபகமாகவே இருக்கிறது" என்றான். "எப்போதடா குடித்தாய்?" என்று அதட்டினேன். பேச்சு அத்துடன் நின்றது.

அண்டாவின் பின்னிருந்த மூதாட்டி குவளையை நீட்டி, "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்று விசாரித்தாள். வழிகாட்டிப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டான். நான் பதில் சொல்லாமல் இரண்டாவது குவளைக்குக் கை நீட்டினேன்.